ஆடியவர், சொன்னவர், அரங்கு அமைத்தவர்



இன்றைய சதுரங்கப் போட்டியின் பரிசளிப்புக்கு முன்னால் ஒரு சதுரங்க வீரரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யாரைப் பற்றி என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். உலகச் சாம்பியன் ஒருவரின் பெயரை நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்திருப்பவர் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக ஒருநாளும் மோதியவர் அல்ல. அவர் பெயர் மாரிஸ் ஆஷ்லி. ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 1999இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கறுப்பினத்தவரில் அந்தப் பட்டத்தை எட்டிய முதல் மனிதர் அவர்தான். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஏன் அவரை எடுத்துக்கொண்டேன் என்றால், இந்த நூலக மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் இன்று முழுக்க நான் கேட்ட பேச்சு அப்படி. "பத்தாவது வந்துட்டா நிறுத்திடுவோம் சார்." "ஜி.எம். ஆனா சரி, ஆகலேன்னா இத்தனை வருஷம் என்னத்துக்கு?" கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. போட்டிக்குக் கட்டணம், பயிற்சியாளருக்குச் சம்பளம், வெளியூர் போக ரயில் டிக்கெட், தங்க அறை என்று பிள்ளைக்காகக் கையைக் கடித்துக்கொண்டு செலவு செய்கிறவர்கள் கேட்கிற கேள்வி அது. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. சதுரங்கத்தில் ஒரே ஒரு ஏணிதான் உண்டு, அதன் உச்சியில் ஒருவருக்குத்தான் இடம், மற்றவர்கள் எல்லாம் பாதியில் இறங்கியவர்கள் என்கிற நம்பிக்கை. அது தவறு என்பதற்கு ஆஷ்லியின் வாழ்க்கையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அவர் பிறந்தது 1966இல், ஜமைக்காவில். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தாய் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். அம்மா அழைத்துக்கொள்ளும்போது பையனுக்கு வயது 12. வந்து சேர்ந்த இடம் நியூயார்க்கின் புரூக்ளின். அதிலும் பிரவுன்ஸ்வில் என்ற ஏழைப் பகுதி. அடிதடிக்கும் போதைப்பொருளுக்கும் பேர் போன இடம். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு களத்தில் போராளிகளானார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தங்கை அலிசியா ஆஷ்லி குத்துச்சண்டையில் உலகச் சாம்பியன். சகோதரர் டெவன் கிக்பாக்ஸிங் வீரர். மாரிஸுக்கு வாய்த்த களம் 64 கட்டம்.

புரூக்ளின் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது நண்பன் ஒருவனோடு ஆடுகிறார். சுலபமாக ஜெயித்துவிடலாம் என்று உட்கார்ந்தவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார். பிறகு நூலகத்தில் பால் மார்ஃபியின் ஆட்டங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று கையில் கிடைக்கிறது. மார்ஃபி 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேதை. காய்களைக் கணக்கில்லாமல் பலிகொடுத்து ராஜாவைச் சுற்றி வளைப்பவர். அதைப் படித்த பையன் மீளவே இல்லை. நூலகத்துக்குள் நின்று இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

புத்தகத்துக்கு அடுத்தபடியாக அவரை வளர்த்தது பூங்கா. புரூக்ளினில் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஒரு குழுவாகக் கூடி ஆடுவார்கள். 'பிளாக் பேர் ஸ்கூல் ஆஃப் செஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். பலகையில் அடிக்கும்போதே வாயாலும் அடிப்பார்கள். கேலி, சவால், பஞ்ச் வசனம், எல்லாம் உண்டு. தோற்றவன் எழுந்து போய் மறுநாள் படித்துவிட்டு வருவான். அந்தப் பூங்காப் பேச்சு பின்னாளில் ஆஷ்லியின் தொழிலாகவே ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்லூரியில் அவர் படித்தது படைப்பிலக்கியம். நியூயார்க் சிட்டி காலேஜில் எழுத்துக் கலையில் பட்டம் வாங்கினார். வயிற்றுப்பாட்டுக்கு ஹார்லெம் பள்ளிகளில் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கப் போனார். ஹார்லெமில் ஆடம் கிளேட்டன் பவல் பெயர் தாங்கிய ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே அவர் உருவாக்கிய அணிக்குப் பெயர் 'ரேஜிங் ரூக்ஸ்'. சீறும் யானைகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1991இல் அந்த அணி அமெரிக்காவின் தேசியப் பள்ளிப் போட்டியில், வசதி படைத்த தனியார் பள்ளிகளுக்கு நடுவே, முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு ஹார்லெமுக்கு ஓடின.

அவர் கற்றுக்கொடுத்த முறையைப் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும். நாம் முதல் நாளே 32 காய்களையும் அடுக்கிவைத்து, முதல் நகர்வு எது, இரண்டாவது எது என்று தொடங்குகிறோம். குழந்தை மலைத்துப் போகிறது. ஆஷ்லி பலகையைக் காலியாக்கிவிடுவார். இரண்டு ராஜா, ஒன்றிரண்டு காய், அவ்வளவுதான். முதலில் மேட் வைக்கக் கற்றுக்கொள். ஒரு சிப்பாயை எட்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோய் ராணியாக்கக் கற்றுக்கொள். ஆட்டம் எங்கே போய் முடிகிறது என்று தெரிந்த பிறகு, அங்கிருந்து பின்னோக்கி வா. இதையே ஒரு சிந்தனை முறையாக விரித்து, முடிவிலிருந்து பின்னால் நடந்து புதிரை அவிழ்ப்பது எப்படி என்று அவர் மேடையில் பேசிய உரையும் பலரைச் சென்றடைந்தது. பிள்ளை முதல் வாரத்திலேயே ஒரு மேட்டை முடித்துவைத்து ஜெயிக்கிறான். தன்னால் முடியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பயந்த பிள்ளைகளைப் பலகைக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படிப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டேதான் அவர் ஏறிவந்தார். 1993இல் சர்வதேச மாஸ்டர் பட்டம். கிராண்ட்மாஸ்டர் ஆக நார்ம் எனப்படும் போட்டித் தகுதிகள் வேண்டும், 2500 ரேட்டிங் வேண்டும். இங்குள்ள பெற்றோர்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். 1999 மார்ச் 14, மன்ஹாட்டன் செஸ் கிளப்பில் ருமேனிய வீரர் நெகுலெஸ்குவை வீழ்த்தித் தேவையான கடைசிப் படியையும் தாண்டினார். அப்போது வயது 33. நம் ஊரில் 13 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லையே என்று கவலைப்படுகிறோம். 33 வயதில், குடும்பம், வேலை, பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் அதை எட்டிய மனிதரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் செய்த அடுத்த காரியம் ஹார்லெம் செஸ் சென்டரைத் திறந்தது. பட்டம் வாங்கியவுடன் ஐரோப்பாவுக்குப் பெட்டி கட்டவில்லை. தன் மக்கள் வாழும் தெருவில் ஒரு கதவைத் திறந்துவைத்தார்.

சரி, தொழிலாகிப்போன அந்தப் பூங்காப் பேச்சுக்கு, அதாவது வர்ணனைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1995ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். நம் விஸ்வநாதன் ஆனந்த் நியூயார்க்கில் காஸ்பரோவை எதிர்த்து உலகப் பட்டத்துக்கு ஆடினார். உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம், 107ஆவது மாடி. இன்று அந்தக் கட்டடமே இல்லை. முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். சென்னையில் பட்டாசு வெடிக்காத குறைதான். பத்தாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் வீட்டிலேயே சமைத்துவைத்திருந்த ஒரு பொறியைப் பலகையில் வைத்தார். மூலையில் நின்ற தன் யானையை, எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார். கடகடவென்று ஆடினார். நகர்த்திவிட்டு எழுந்து போவார், கதவைப் படாரென்று சாத்துவார். ஆனந்த் தனியாக உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். அந்த ஆட்டத்தோடு போட்டி திரும்பியது. 18ஆவது ஆட்டத்தோடு பத்தரைக்கு ஏழரை என்று முடிந்தது.

அந்தப் போட்டியில் பார்வையாளர்களுக்கு ஆட்டத்தை விளக்கிச் சொன்னவர்களில் ஒருவர் மாரிஸ் ஆஷ்லி. அப்போது அவர் கிராண்ட்மாஸ்டர்கூட ஆகவில்லை.

அந்தப் பத்தாவது ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைப் பார்ப்பவனுக்கு என்ன தெரியும்? ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் நாற்காலி காலி. அரைமணி நேரம் எதுவும் அசையவில்லை. ஆட்டம் தெரியாதவன் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவான். ஆனால் அந்த அசையாத அரைமணி நேரம்தான் போட்டியின் நடுநாயகம். ஆனந்த் அந்த யானையை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன, ராணி மூலைக்குப் போய்விட்டால் அவர் ராஜாவைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள், காஸ்பரோவ் இவ்வளவு வேகமாக ஆடுவதற்கு என்ன அர்த்தம், கடிகாரம் யாருக்கு எதிராக ஓடுகிறது. இதையெல்லாம் பார்ப்பவனின் நெஞ்சு அடித்துக்கொள்ளும்படி சொல்ல ஒருவர் வேண்டும். நகர்வைச் சொன்னால் போதாது, ஆபத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு ஆட்டமும் தெரிய வேண்டும், பேச்சும் தெரிய வேண்டும், மனிதர்களும் தெரிய வேண்டும்.

அதுவரை மேற்கத்திய நாடுகளில் சதுரங்க விளக்கம் என்றால் வகுப்பறைப் பாடம் போல இருக்கும். ஆஷ்லி அதைக் கூடைப்பந்து மைதானத்தின் குரலில் சொன்னார். புரூக்ளின் பூங்காவின் வாய்ப்பேச்சும், கல்லூரியில் படித்த எழுத்துக் கலையும், ஹார்லெம் வகுப்பறையில் பழகிய எளிமையும் அந்தக் குரலில் ஒன்றாகக் கலந்தன. பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. சதுரங்கத்தின் மாண்பு குறைகிறது என்று எண்ணினார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வானொலியில் அப்துல் ஜப்பார் அவர்களின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். பந்தைக் கண்ணால் பார்க்காமலே, மைதானத்தின் எந்த மூலைக்கு அது ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். நல்ல தமிழில் சொன்னதால் கிரிக்கெட்டின் மாண்பு எங்கே குறைந்தது?

1997 மே மாதம் நியூயார்க்கில் காஸ்பரோவ் ஐபிஎம்மின் 'டீப் புளூ' கணினியோடு மோதினார். கட்டடத்தின் 35ஆவது மாடியில் ஆட்டம். மக்கள் கூடியிருந்ததோ கீழே அரங்கத்தில், பெரிய திரைகளுக்கு முன்னால். அந்த மேடையில் நின்று பேசியவர்கள் யாசர் செய்ரவான், மைக் வால்வோ, மாரிஸ் ஆஷ்லி. ஆறு ஆட்டங்களில் மூன்றரைக்கு இரண்டரை என்று மனிதன் தோற்ற நாட்கள் அவை. இரண்டாவது ஆட்டத்தில் இனி வழியில்லை என்று காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். அந்த நிலையை டிரா செய்திருக்கலாம் என்று பிறகுதான் தெரியவந்தது. கடைசி ஆட்டம் 19 நகர்வில் முடிந்துபோனது. கணினி ஒரு குதிரையைத் தூக்கிக் கொடுத்து ராஜாவின் வாசலை உடைத்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், புரியாமல் திகைத்து உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு, நடப்பது என்ன என்று அந்தக் கணமே சொல்ல வேண்டியிருந்தது. திருத்தி எழுத அவகாசம் கிடையாது. சொன்ன சொல் சொன்னதுதான்.

இன்று ஏதாவது ஒரு பெரிய போட்டியை வீட்டில் இருந்தபடி கைப்பேசியில் நேரலையாகப் பார்க்கிறோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து வரும் ஒளிபரப்புகளை இங்குள்ள பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். செய்ரவான், ஜெனிஃபர் ஷஹாதி, ஆஷ்லி மூவரும் பல ஆண்டுகள் சேர்ந்து பேசிய இடம் அது. 2014இல் சிங்க்ஃபீல்ட் கோப்பையில் ஃபேபியானோ கருவானா வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்த அதிசயத்தை அவர்கள் சொல்லித்தான் உலகம் கேட்டது. நேரலை என்கிற இந்தக் கலை வடிவத்தைக் கட்டியவர்களில் ஒருவராகத்தான் ஆஷ்லியை நான் மதிக்கிறேன். 2016இல் அமெரிக்கச் சதுரங்கப் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

அடுத்து, போட்டி அமைப்பாளர் ஆஷ்லி. இந்தப் பக்கத்தில் வெற்றியும் உண்டு, அடியும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

2003இல் டிரா கேட்கும் வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். பத்துப் பதினைந்து நகர்வில் கைகுலுக்கிவிட்டுப் போகும் வீரர்கள், காசு கொடுத்துப் பார்க்க வந்தவனை ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம். குறைந்தது 50 நகர்வாவது ஆட வேண்டும் என்றார். வீரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இரண்டே ஆண்டில் பல்கேரியாவின் சோஃபியா நகரப் போட்டியில் ஒருவருக்கொருவர் பேசி டிரா செய்துகொள்ளத் தடை வந்தது. இன்று பெரிய போட்டிகள் பலவற்றில் இப்படி ஏதோ ஒரு விதி உண்டு. அரங்கில் உட்கார்ந்திருப்பவனின் பக்கம் நின்று யோசிப்பவருக்குத்தான் அந்த எண்ணம் வரும். மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவர் அல்லவா.

2005இல் மினியாபொலிஸ் நகரில் எச்பி குளோபல் செஸ் சேலஞ்ச். மொத்தப் பரிசு 5 லட்சம் டாலர். எவரும் சேர்ந்து ஆடலாம் என்கிற ஓப்பன் போட்டி ஒன்றில் அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. ஜார்ஜியா நாட்டு ஸ்வியாத் இசோரியா 50,000 டாலரோடு வீடு திரும்பினார்.

2014இல் அதையும் மிஞ்சிப் போனார். ஏமி லீ என்ற தொழில்முனைவோரோடு சேர்ந்து லாஸ் வேகஸில் 'மில்லியனேர் செஸ்'. பரிசு 10 லட்சம் டாலர், உறுதி. அதை நடத்திய விதத்தையும் பாருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, கடைசி நாள் திங்கட்கிழமை அவர்களை மேடையேற்றி வேக ஆட்டம் ஆடவைத்தார். ரேட்டிங் குறைந்த, அலுவலகம் போய் வருகிற சாதாரண ஆட்டக்காரனும் அன்று விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பெரும் பணத்துக்கு ஆடினான். ஓப்பன் பிரிவில் வெஸ்லி சோ 1 லட்சம் டாலர் வென்றார். மறுவருடம் ஹிகாரு நகமுரா.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 1000 டாலர். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தும் கட்டணத்தில் பரிசுப் பணத்தை ஈடுகட்ட முடியவில்லை. விளம்பரதாரர்கள் ஓடிவருவார்கள் என்ற கணக்கு பலிக்கவில்லை. 2016இல் அட்லாண்டிக் சிட்டியில் பரிசைக் குறைத்து மூன்றாம் முறை நடத்தினார்கள், அத்தோடு நின்றது. அவரை உயர்வாக மதிப்பவன் என்ற முறையில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். 1000 டாலர் கட்டணம் ஹார்லெம் பையனுக்கு மூடிய கதவு. செப்டம்பர் 1999இல் திறந்த கதவுக்கு நேர் எதிரானது. சதுரங்கத்துக்குச் சூதாட்ட விடுதியின் பளபளப்பு தேவை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நிற்கிறது. கோல்ஃபும் டென்னிஸும் ஆடுகிறவன் வாழ முடியும் என்றால், இத்தனை மூளையைச் செலவழிக்கும் இவன் மட்டும் ஏன் அரைவயிற்றோடு ஆட வேண்டும்? போட்டியையே நடத்திக் காட்டி அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர்.

நம்மிடமும் இப்படி ஒரு முன்னோடி இருக்கிறார். மானுவேல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். ஒன்பது முறை தேசியச் சாம்பியன். அவர் கோப்பைகளோடு நின்றிருந்தால் வரலாற்றில் ஒரு வரி. சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் நடக்கக் காரணமாக இருந்தார், மாநிலச் சங்கத்தின் பொறுப்பைச் சுமந்தார், 'செஸ் மேட்' இதழ் நடத்தினார், பத்திரிகைகளில் எழுதினார். அந்தக் கிளப்பின் பலகைகளில் ஆடிப் பழகிய சிறுவர்களில் ஒருவன்தான் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆனந்த். 2022இல் மாமல்லபுரத்தில் உலகமே வந்து ஒலிம்பியாட் ஆடியபோது பேனர்களில் போட்டிச் சின்னமான குதிரை சிரித்தது. அந்தக் குதிரைக்குப் பின்னால் எத்தனையோ வருடம் நாற்காலி அடுக்கியவர்கள், யாருக்கு யார் என்ற பேரிங் பட்டியல் ஒட்டியவர்கள், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர்கள் நின்றார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இன்று பகலில் முதல் பலகையில் ஒரு தங்கை ஆடிய கடைசிச் சுற்று ஆட்டத்தைப் பார்த்தேன். ஒரு யானையும் மூன்று சிப்பாயும் வைத்துக்கொண்டு, ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த பையனை ஒரு மணி நேரம் தடுத்து நிறுத்தி டிரா வாங்கினாள். மண்டபத்தில் ஆர்பிட்டரையும் என்னையும் தவிர அதைப் பார்த்தவர்கள் இல்லை. விதிப்படி பெற்றோர் உள்ளே வரக் கூடாது, சரிதான். அவள் அப்பா வெளியே தண்ணீர் பாட்டிலையும் டிபன் பாக்ஸையும் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்த மகளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்மா, டிராதானா?" என்பது. அவள் என்ன செய்தாள் என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

அந்த ஆள்தான் நமக்கு வேண்டும். இந்த நூலகத்தின் பக்கத்து அறையில் ஒரு திரை இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. அடுத்த போட்டியில் கடைசிச் சுற்றின் முதல் இரண்டு பலகைகளை அந்தத் திரையில் போடலாம். உள்ளே ஆடும் பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்காது. மரத்தடியில் நிற்கும் அத்தனை பேரும் அங்கே உட்காரலாம். யானை ஏன் ஏழாவது வரிசைக்குப் போகிறது, ராஜா ஏன் நடுவுக்கு வருகிறார், அந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கிறது என்று நல்ல தமிழில், வாய்விட்டு, உற்சாகமாக ஒருவர் சொல்ல வேண்டும். அதற்குக் கிராண்ட்மாஸ்டர் தேவையில்லை. ஆட்டம் தெரிந்து, பேசத் தெரிந்து, பிள்ளைகள் மேல் அன்பு உள்ளவர் போதும்.

முதல் வரிசையில் மாநில அளவில் ஆடிய அண்ணன்மார் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்போடு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இன்று தம்பி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் அக்கா ஒருவரும் இரண்டாவது வரிசையில் இருக்கிறார். போட்டிக் குழுச் செயலாளர் கையில் நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறார். பரிசளிப்பு முடிவதற்குள் அந்த மைக்குக்கு இரண்டு பெயராவது அதில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.